வீட்டிலேயே சைலன்சர் மாற்றலாமா? வள்ளியூர்த் தம்பிக்கு விரிவான பதில்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2018 மாடல் 350 சிசி புல்லட், கார்பரேட்டர் வண்டி. ஆன்லைனில் ஸ்லிப்-ஆன் சைலன்சர் ஒன்று வாங்கிவிட்டார். "அண்ணாச்சி, இதை வீட்டிலேயே மாட்டலாமா, இல்லை ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணுமா?" என்பது கேள்வி. கூடவே இரண்டு சேதியும் சொல்கிறார். கம்பெனி சைலன்சரைக் கழற்றினால் வால்வு எரிந்துவிடும் என்று ஒரு மெக்கானிக் பயமுறுத்தினாராம். அதெல்லாம் ஒன்றுமில்லை, வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்று கூட்டாளி சொன்னாராம். ஆகவே தம்பி கேட்பது ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி மட்டும் இல்லை. 'நான் கை வைத்தால் இன்ஜின் கெட்டுப்போகுமா' என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி.

மாட்டலாம். இது வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். ஸ்லிப்-ஆன் மாற்றிய ஒரே காரணத்துக்காக இன்ஜின் போகாது. இந்த வேலையில் வண்டிக்குக் கேடு வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறுகிற தலையில்லாத போல்ட்டை, முறிப்பது. இன்னொன்று, மாட்டின பிறகு ஜாயின்ட்டில் காற்றுப் போவதையும் பெட்ரோல் அளவு குறைந்து எரிவதையும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவது. பளபளவென்று இருக்கிற சைலன்சரில்தான் எல்லாருக்கும் கண் போகும். நான் கையில் எடுத்துப் பார்க்கும் வண்டிகளில் சிக்கல் எப்போதும் ஜாயின்ட்டில்தான் இருக்கும். அதனால் அதைப் பற்றித்தான் நிறையப் பேசப் போகிறேன்.

ஸ்லிப்-ஆன் என்றால் பின்பக்கச் சைலன்சர் மட்டும் மாறும். ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கும் பெண்டு பைப் அப்படியே இருக்கும். அந்தப் பைப்பை ஹெட்டோடு பிடிக்கிற இரண்டு நட்டைத்தான் இங்கே ஹெட் நட்டு என்கிறேன். ஆகவே முதல் விதி, ஹெட் நட்டைத் தொடாமல் வேலை முடியுமானால் தொடாதீர்கள். ஹெட் அலுமினியம், அதில் இறங்கியிருக்கும் ஸ்டட் இரும்பு. வருஷக்கணக்காகச் சூடாகி ஆறி, மழைத்தண்ணீர் பட்டு, நட்டும் ஸ்டட்டும் ஒன்றோடொன்று பிடித்துப்போய் இருக்கும். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடற்கரை ஊர்களில் நிற்கிற வண்டி என்றால் இன்னும் மோசம். உப்புக்காற்றில் நட்டின் ஆறு முனையும் மழுங்கி, ஸ்பேனர் வைத்தால் வழுக்கும். வள்ளியூர் கடலோரம் இல்லைதான். ஆனால் வண்டி முன்பு யாரிடம், எந்த ஊரில் நின்றது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கைமாறி வந்த வண்டிகளில் இதுதான் தெரியாமல் போகும்.

முதல் நாள் ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெண்டு பைப்பும் சைலன்சரும் சேருகிற இடத்தில் உள்ள கிளாம்ப் போல்ட், சைலன்சரை ஃப்ரேமோடு பிடிக்கிற பிராக்கெட் போல்ட் இரண்டிலும் வெளியே தெரிகிற மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண்ணையும் துருவையும் எடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. நட்டு வெளியே வரும்போது அந்த அழுக்கு மரையின் மேல்தான் ஏறி வர வேண்டும். பாதி வழியில் இறுகுவதற்கு அதுதான் காரணம். தேய்த்த பிறகு துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து விடியும்வரை ஊறவிடுங்கள். சூடான பைப்பின் மேல் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

காலையில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். 8 எம்.எம். போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 12 அல்லது 13 சைஸ் இருக்கும். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம். ஆறு முனை சாக்கெட் அல்லது ரிங் ஸ்பேனர்தான் வேண்டும். ஒரே இழுவையாக இழுக்காமல் கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். இங்கே கைதான் உங்களுக்குச் சேதி சொல்லும். இளகுகிற நட்டு 'டக்'கென்று ஒரு சத்தம் கொடுத்து நகரும். முறியப் போகிற போல்ட் சத்தமே கொடுக்காது. ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். அந்த உணர்வு வந்த கணமே நிறுத்திவிட வேண்டும். கிளாம்ப் போல்ட்டோ பிராக்கெட் போல்ட்டோ முறிந்தால் பெரிய நஷ்டம் இல்லை, கடையில் புதிதாக வாங்கிப் போடலாம். ஹெட் ஸ்டட் முறிந்தால் கதை வேறு. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுக்கலாம். உள்ளே மட்டமாக முறிந்தால் லேத் பட்டறையில் துளை போட்டு எடுத்து, புது மரை உண்டாக்க வேண்டியிருக்கும். சில வேளை அதற்காக ஹெட்டையே இறக்க வேண்டும்.

போல்ட்டெல்லாம் கழன்ற பிறகும் சைலன்சர் பெண்டு பைப்பை விட்டு வராது. உள்ளே கரியும் துருவும் சேர்ந்து ஒட்டியிருக்கும். இங்கேதான் பொறுமை போய்விடும், பின்னால் நின்றுகொண்டு சைலன்சரைப் பிடித்து ஆட்டி இழுப்பார்கள். அந்த ஆட்டம் முழுவதும் நெம்புகோலாகப் போய் ஹெட் ஸ்டட்டில்தான் விழும். அப்படிச் செய்யாதீர்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி முன்னால் தள்ளிவிட்டு, ஜாயின்ட்டில் மறுபடி ஸ்ப்ரே அடித்து, ஒரு மரத்துண்டை வைத்துச் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். பிறகு சைலன்சரை அதன் அச்சிலேயே இடமும் வலமும் திருகிக்கொண்டே பின்னால் இழுங்கள். திருகலாம், மேலும் கீழும் ஆட்டக் கூடாது. அப்படியும் வரவில்லை என்றால் ஹெட் நட்டைத் தளர்த்தி, பெண்டு பைப்பையும் சைலன்சரையும் ஒன்றாக இறக்கித் தரையில் வைத்துப் பிரிப்பதுதான் வழி. அந்த நட்டு இரண்டும் துரு இல்லாமல் இருந்தால் நீங்களே செய்யலாம். பெண்டு பைப்பை இறக்கினால் பைப்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கிற கேஸ்கெட் வளையத்தைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். அது நசுங்கி அடைக்கிற சாமான். ஒரு தடவை நசுங்கினது இரண்டாம் தடவை சரியாக அடைக்காது.

இனி மாட்டுவது. புதுச் சைலன்சரைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயம் பாருங்கள். பெண்டு பைப்பின் மேல் கையால் தள்ளினாலே ஏறுகிறதா, ஏறின பிறகு லொடலொடவென்று ஆடுகிறதா என்பது ஒன்று. பிராக்கெட் ஓட்டையும் ஃப்ரேம் ஓட்டையும் நேராகச் சந்திக்கின்றனவா என்பது இரண்டு. பிராக்கெட்டை உடம்போடு சேர்த்த வெல்டு முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, இல்லை நாலு பொட்டு வைத்து விட்டிருக்கிறார்களா என்பது மூன்று. பெயர் தெரியாத மலிவுச் சைலன்சர்களில் இந்த மூன்றாவதில்தான் ஏமாற்றம். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வுக்குப் பொட்டு வெல்டு தாங்காது. நாங்குநேரி நாலுவழிச் சாலையில் சைலன்சர் தொங்கிக்கொண்டு தரையை உரசும். பொட்டு வெல்டு என்றால் மாட்டுவதற்கு முன்பே ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து முழுசாக ஓட்டி வாங்கிவிடுங்கள்.

முதலில் எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எதையும் இறுக்க வேண்டாம். சைலன்சர் தன் இஷ்டத்துக்கு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பின் டயர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எதிலும் படாமல் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு இறுக்கும் வரிசை: பெண்டு பைப்பைத் தளர்த்தியிருந்தால் முதலில் ஹெட் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, அடுத்து ஜாயின்ட் கிளாம்ப், கடைசியில்தான் பிராக்கெட். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப் முழுவதும் இழுபட்டு நிற்கும். சூடானால் பைப் நீளும், நீள இடம் இருக்காது. அந்த அழுத்தம் கொஞ்ச நாளில் வெல்டையோ ஸ்டட்டையோ பிளக்கும். பிராக்கெட் ஓட்டை அரை சென்டிமீட்டர் தள்ளி நின்றால் போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்காதீர்கள். இடையில் தடிமனான வாஷரோ ஸ்பேசரோ வைத்து இடைவெளியை நிரப்புங்கள். இறுக்கத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால், 8 எம்.எம். போல்ட்டுக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர், 6 எம்.எம். என்றால் அதில் பாதி. டார்க் ரென்ச் இல்லை என்றால் சின்ன ஸ்பேனரை மணிக்கட்டுப் பலத்தால் இறுக்கினால் போதும். நீளக் குழாயைச் சொருகி இறுக்குவதுதான் மரை போகிற வழி. மரையில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவிவிட்டால் அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பைப்பிலும் சைலன்சரிலும் பட்ட விரல் எண்ணெயைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அது உலரும்வரை இருங்கள். துடைக்காவிட்டால் முதல் சூட்டிலேயே விரல் ரேகை கறையாக வெந்து நிலைத்துவிடும். வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். மூடின கார் ஷெட்டில் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஐட்லிங்கில் ஓடும்போது, சைலன்சர் இன்னும் சூடேறாத முதல் நிமிஷத்திலேயே, சோப்புத் தண்ணீரை ஜாயின்ட்டைச் சுற்றி விடுங்கள். குமிழி வந்தால் காற்றுப் போகிறது. தடித்த ஈரத்துணியை மடித்துச் சைலன்சர் வாயைச் சில நொடி பொத்திப் பார்க்கலாம். ஜாயின்ட் நன்றாக அடைத்திருந்தால் இன்ஜின் திணறி நிற்கும். ஜாயின்ட் ஒழுகினால் 'சர்ர்' என்று அங்கே சத்தம் கேட்கும். ஒழுகினால் சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவி மறுபடி மாட்டுங்கள். முதல் ஓட்டம் ஓடி, முழுக்க ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கட்டாயம் ஏதாவது ஒன்று கொஞ்சம் இளகியிருக்கும்.

சரி, இப்போது வால்வு விஷயம். 'பேக் பிரஷர் இல்லாவிட்டால் வால்வு எரியும்' என்பது ஒர்க்‌ஷாப்களில் எல்லாரும் சொல்வது. அதில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜினுக்கு எதிர் அழுத்தம் என்று ஒன்று தேவையே இல்லை. வெளியேறும் புகை வேகமாக, ஒழுங்காகப் போக வேண்டும், அவ்வளவுதான். பைப்பின் நீளமும் விட்டமும் அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் புகை சுலபமாகப் போனால் உள்ளே வருகிற காற்றும் கூடும். கார்பரேட்டர் அதே ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை) இருந்தால் பெட்ரோல் பங்கு குறைந்து, சூடு ஏறும். அப்படியே நெடுநாள் முழுத் திராட்டிலில் ஓட்டினால் வால்வுக்குக் கேடுதான். அதாவது மெக்கானிக் சொன்ன விளைவு வரக்கூடியது, அவர் சொன்ன காரணம் சரியில்லை. உள்ளே பேஃபிள் என்கிற தடுப்பும் கிளாஸ் ஊல் பஞ்சும் உள்ள ஸ்லிப்-ஆன் என்றால் இந்த மாற்றம் சிறியது. உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் குழாய் என்றால் பெரியது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் சென்சார் பார்த்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். உங்கள் கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஆக 2018 வண்டி கம்பெனி சைலன்சரோடே கொஞ்சம் பெட்ரோல் குறைவாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். அதன் மேல் திறந்த சைலன்சர் சேருகிறது. அறிகுறி என்னவென்றால், திராட்டிலை விடும்போது பின்னால் 'பட் பட்' என்று வெடிப்பது, காலையில் சோக் போடாவிட்டால் இன்ஜின் அணைந்துபோவது, நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது லேசாக உதறுவது. வெடிப்பு மட்டும் இருந்தால் முதலில் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் வந்த பெட்ரோல் பைப்புக்குள் எரிவதுதான் அந்தச் சத்தம். ஜாயின்ட் சரியாக இருந்தும் உதறல் இருந்தால் மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏற்றி, ஐட்லிங் ஸ்க்ரூவைச் சரிபார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. பிஸ்கட் நிறம் நல்லது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, கரி என்றால் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் பொதுவாகவே வெளுப்பாக இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பி ஜெட் மாற்றாதீர்கள். உதறலையும் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கூட்டாளி சொன்ன 'இழுவை' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றி 350 சிசியில் கண்ணுக்குத் தெரிகிற பவர் வராது. சத்தம் கூடுவதால் வேகம் கூடினது போல் தோன்றும். எடை குறைவது உண்மை, இரண்டையும் இரு கையில் தூக்கினாலே தெரியும். மைலேஜ் கூடுமா குறையுமா என்று தூரத்திலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. புதுச் சத்தத்துக்காக மணிக்கட்டு எவ்வளவு முறுக்குகிறது என்பதைப் பொறுத்தது அது.

இதைப் படிக்கிற எஃப்.ஐ. வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியில் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். அதன் ஒயரை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டின் ஆவி சென்சாரைக் கெடுக்கும். சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சென்சாருக்கு முன்னால் ஜாயின்ட் ஒழுகினால் உள்ளே வரும் வெளிக்காற்றைப் பார்த்துச் சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் இறங்கும். தேன்கூடு போன்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில வண்டிகளில் பெண்டு பைப்பிலும் சிலவற்றில் சைலன்சருக்குள்ளும் இருக்கும். சைலன்சருக்குள் இருக்கிற வண்டியில் சைலன்சரை மாற்றினால் புகை வடிகட்டியும் சேர்ந்து போகிறது. அதை நான் மாட்டித் தர மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள்.

தம்பி கேட்காமல் விட்ட ஒன்று சட்டம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தத்துக்கும் புகைக்கும் தனியாக 190(2) இருக்கிறது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 80 டெசிபல் என்பது கம்பெனி ஒப்புதலுக்கான அளவு. வண்டி கடந்து போகையில் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது அது. சைலன்சர் வாயில் போனைப் பிடித்து ஆப்பில் பார்க்கிற எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. பெட்டியில் ஐரோப்பிய 'ஈ' முத்திரை இருக்கிறது என்று விற்கிறவர்கள் காட்டுவார்கள். அது தரத்துக்கு ஒரு அடையாளம்தான், இங்கே அனுமதி ஆகிவிடாது. ரோட்டில் நிறுத்துகிற காவலர் காதால் கேட்டுத்தான் முடிவு செய்வார். உங்கள் சைலன்சரில் கழற்றக்கூடிய டிபி கில்லர் (வாயில் செருகியிருக்கும் சத்தம் குறைக்கிற துண்டு) இருந்தால் அதை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியைத் தாண்டி வெறும் குழாய் வண்டி ராத்திரி போகிறபோது உள்ளே படுத்திருக்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உங்களுக்குப் பக்கத்திலேயே நாங்குநேரி தாலுகாவில் கூந்தன்குளம் இருக்கிறது. மரத்தில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். அந்த ஊர்த் தெருவில் போனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேச்சு நிற்காத அளவுக்குச் சத்தம் இருக்க வேண்டும் என்பதுதான் சைலன்சர் விஷயத்தில் நான் வைத்திருக்கிற அளவு.

கம்பெனி சைலன்சரை எடைக்குப் போடாதீர்கள். உள்ளே ஈரம் இல்லாமல் உலர்த்தி, வெளியே எண்ணெய் தடவி, இரண்டு வாயையும் துணியால் அடைத்து உயரத்தில் வையுங்கள். திறந்து கிடந்தால் குளவி கூடு கட்டிவிடும். கிளாம்ப்பையும் போல்ட்டுகளையும் ஒரு கவரில் போட்டு அதோடே கட்டிவையுங்கள். வண்டியை விற்கும்போதும் போலீஸ் பழையதை மாட்டிக்கொண்டு வரச் சொல்லும்போதும் தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் ஹெட் நட்டு இரண்டையும் ஜாயின்ட் கிளாம்ப்பையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள். நட்டின் முனை தெரியாத அளவுக்குத் துரு ஏறியிருந்தால் வீட்டு வேலை வேண்டாம், நேரே வெல்டிங் வசதி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். முனை தெரிந்தால் எந்தச் சாக்கெட், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.